எழுதி வைக்காத சட்டமும், ஏரிக்குள் மூழ்கிய ஊரும்!

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலை அது. அபரிஸ்ட்வித் நகரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால், சாலையோரத்தில் இடிந்துபோன பழைய கல்வீடு ஒன்றின் ஒற்றைச் சுவர் நிற்கிறது. சிவப்பு வண்ணத்தின் மேல் வெள்ளை எழுத்தில் இரண்டே சொற்கள்: 'கோவ்யூக் ட்ரவெரின்'. வெல்ஷ் மொழியில் 'ட்ரவெரினை மறக்காதே' என்று அர்த்தம்.

1960-களின் தொடக்கத்தில் மெய்க் ஸ்டீபன்ஸ் என்ற இளைஞர் எழுதியது இது. பின்னாளில் அவர் பெயர் பெற்ற எழுத்தாளர் ஆனார். ஆனால், அன்று அவசரத்தில் இலக்கணத்தைக் கோட்டை விட்டுவிட்டார். வெல்ஷ் மொழியில் அந்த இடத்தில் முதல் எழுத்து மாற வேண்டும். நம்மூர் சந்திப்பிழை மாதிரிதான். பிறகு சுவருக்கு வண்ணம் பூச வந்தவர்கள் பிழையைத் திருத்தினார்கள். 2019-ல் யாரோ அதன் மேல் வேறு பெயரைக் கிறுக்கினார்கள். சில வாரங்களில் சுவரின் ஒரு பகுதியையே உடைத்துப் போட்டார்கள். ஊர் மக்கள் கல்லை அடுக்கி மறுபடியும் கட்டினார்கள். அதோடு விடவில்லை. வேல்ஸ் முழுக்கக் கடைச் சுவர்களிலும் வீட்டுச் சுவர்களிலும் அதே இரண்டு சொற்கள் முளைத்தன.

ஒரு சுவருக்கு ஏன் இத்தனை பாசம்? அதற்குப் பதில், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

ஓர் ஊர் மூழ்கிய கதை

வடக்கு வேல்ஸில், பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில், ட்ரவெரின் ஆற்றங்கரையில் 'காப்பெல் கெலின்' என்றொரு சின்னக் கிராமம் இருந்தது. பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் நிலையம், ஒரு தேவாலயம், அதை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம். மொத்தமே எழுபது பேருக்குள்தான். வீட்டிலும் பள்ளியிலும் பிரார்த்தனையிலும் பேசியது வெல்ஷ் மட்டுமே.

இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போக எதிர்காலத் தேவையையும் கணக்குப் போட்ட மாநகராட்சி, ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட முடிவெடுத்தது. வேல்ஸில் இருக்கும் உள்ளூர் நிர்வாகங்களிடம் போய் அனுமதி கேட்டால் கிடைக்காது. அதனால் மாநகராட்சி நேராக லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போய், தனக்கென்று ஒரு தனிச் சட்டம் கேட்டது.

கிராமத்து மக்கள் சும்மா இருக்கவில்லை. 1956 நவம்பரில் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு லிவர்பூலுக்கே போனார்கள். பதாகைகளைப் பிடித்துக்கொண்டு அந்த நகரத்தின் வீதிகளில் ஊர்வலம் நடத்தினார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றவர் க்வின்வர் எவன்ஸ். 'ப்ளைட் கம்ரி' என்ற வேல்ஸ் தேசியக் கட்சியின் தலைவர். மாமன்றத்தில் அவர் எழுந்து பேச முயன்றபோது, உறுப்பினர்கள் மேஜையைத் தட்டி, கூச்சல் போட்டு அவர் குரலை அமுக்கினார்கள்.

மசோதா லண்டனில் விவாதத்துக்கு வந்தது. அன்று வேல்ஸுக்கு 36 எம்.பி.க்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். கட்சி வித்தியாசம்கூடப் பார்க்கவில்லை. ஆனால், அறுநூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட அவையில் 36 பேர் என்ன செய்துவிட முடியும்? 1957-ல் மசோதா சட்டமானது.

1963-ல் தேவாலயத்தில் கடைசிப் பிரார்த்தனை. பள்ளிக்கூடம் மூடப்பட்டது. சில குடும்பங்கள் கல்லறையைத் தோண்டித் தங்கள் முன்னோரின் எச்சங்களை வேறு இடத்துக்குக் கொண்டு போயின. மற்ற கல்லறைகள் அங்கேயே நீருக்கு அடியில் நிலைத்துவிட்டன. 1965 அக்டோபரில் அணை திறப்பு விழா நடந்தது. போராட்டக்காரர்களின் முழக்கத்தில் விழா சில நிமிடங்களிலேயே முடிந்துபோனது.

இதில் சட்டவிரோதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் கொடுமை. எல்லாம் முறைப்படி, சட்டப்படி நடந்தது. ஒரு பகுதி மக்களின் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் வேண்டாம் என்ற பிறகும் அவர்கள் ஊரை மூழ்கடிப்பது எப்படிச் சட்டப்படி சரியாகும்? அந்த நாட்டின் அரசமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அந்த அரசமைப்பு எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'இங்கிலாந்து' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அந்த நாட்டின் பெயர் ஐக்கிய ராஜ்ஜியம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு பகுதிகள். வேல்ஸ் 16-ம் நூற்றாண்டிலேயே சட்டப்படி இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்டது. ஸ்காட்லாந்து 1707-ல் இணைந்தது. அயர்லாந்து 1801-ல் சேர்ந்து, பிறகு அதன் பெரும்பகுதி 1922-ல் பிரிந்து போனது. மிச்சம் இருப்பது வட அயர்லாந்து. கார்டிஃபில் ஒருவரைப் பார்த்து 'நீங்க இங்கிலாந்துக்காரரா?' என்று கேட்டால் முகம் சுருங்கும். காரணம், ட்ரவெரின் மாதிரிப் பழைய கணக்குகள்.

சட்டம் இருக்கிறது, புத்தகம் இல்லை

இந்தியாவில் அரசமைப்புச் சட்டம் என்றால் ஒரு புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டலாம். தேர்தல் மேடையிலேயே காட்டுகிறார்கள். ஐக்கிய ராஜ்ஜியத்தில் அப்படித் தூக்கிக் காட்ட ஒன்றும் இல்லை. இதை வைத்து 'அங்கே எழுதப்படாத அரசமைப்பு' என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. எழுதிய சட்டங்கள் நிறையவே உண்டு. அவை ஒரே இடத்தில் தொகுக்கப்படவில்லை, அவ்வளவுதான். நியூசிலாந்தும் இஸ்ரேலும்கூட இப்படித்தான்.

நம் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கும். ரேஷன் கார்டு சமையலறை டப்பாவில் இருக்கும். தாத்தா எழுதிய உயில் வக்கீலிடம் இருக்கும். இதெல்லாம் எழுதியவை. ஆனால் பொங்கலுக்கு எந்த வீட்டில் கூடுவது, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வருவது, பெரியப்பாவிடம் யார் போய்ப் பேசுவது... இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். மீறினால் போலீஸ் வராது. ஆனால் வீடு இரண்டுபடும்.

ஐக்கிய ராஜ்ஜியத்தின் அரசமைப்பும் அப்படித்தான். எழுதிய பகுதியில் முக்கியமானவை என்று சிலவற்றைச் சொல்லலாம். மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று 1215-ல் ஒப்புக்கொள்ள வைத்த மேக்னா கார்ட்டா. நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் மன்னர் வரி போடக் கூடாது என்ற 1689-ன் உரிமைகள் சட்டம். பிரபுக்கள் அவையின் தடுப்பு அதிகாரத்தைக் குறைத்த 1911, 1949 சட்டங்கள். 1998-ன் மனித உரிமைகள் சட்டம். இவற்றோடு நீதிமன்றத் தீர்ப்புகள். இவற்றுக்கு நடுவே, எழுதாத மரபுகள்.

1885-ல் டைசி என்ற சட்டப் பேராசிரியர் இந்தக் குவியலுக்குள் இரண்டு தூண்களைக் காட்டினார். ஒன்று, நாடாளுமன்ற இறையாண்மை. இன்னொன்று, சட்டத்தின் ஆட்சி.

தூண் ஒன்று: நாடாளுமன்றம் நினைத்தால் எதுவும் நடக்கும்

லண்டன் நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், எதையும் நீக்கலாம். அது இயற்றிய சட்டத்தை 'செல்லாது' என்று ரத்து செய்யும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவெல்லாம் தேவையில்லை. பிளாஸ்டிக் பைக்குச் சட்டம் போடுவதும் ஒரே மாதிரிதான், அரசமைப்பை மாற்றுவதும் ஒரே மாதிரிதான். ஓர் ஓட்டு கூடுதலாக இருந்தால் போதும். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் என்று 2011-ல் சட்டம் கொண்டு வந்தார்கள், 2022-ல் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லும் 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற வேலி அங்கே கிடையாது.

ஐவர் ஜென்னிங்ஸ் என்ற அறிஞர் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் சொன்னார். பாரிஸ் தெருவில் புகை பிடிப்பது குற்றம் என்று லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டால், ஆங்கிலேயச் சட்டத்தின் கண்ணில் அது குற்றம்தான். பிரெஞ்சுக்காரர் மதிக்காமல் போகலாம், அது வேறு விஷயம்! இந்த ஜென்னிங்ஸ் நமக்குத் தூரத்து மனிதர் இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர்தான். சுதந்திர இலங்கையின் முதல் அரசமைப்பு உருவானதில் பங்கு வகித்தவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சொற்பொழிவுகள் ஆற்றினார். இந்திய அரசமைப்பு ரொம்ப நீளம், ரொம்ப இறுக்கம் என்பது அவருடைய குறை. எழுதி வைக்காத நாட்டிலிருந்து வந்தவருக்கு, அத்தனை பக்கமாக எழுதி வைத்தது உறுத்தியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் காப்பெல் கெலின் மக்களின் இடத்திலிருந்து பாருங்கள். அவர்கள் வழக்குப் போட ஓர் அரசமைப்பு நூல் இல்லை. 'எங்கள் பகுதியின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது' என்று சுட்டிக்காட்ட ஒரு பிரிவு இல்லை. நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. அத்துடன் முடிந்தது.

தூண் இரண்டு: அரசாங்கமும் சட்டத்துக்குள்தான்

அப்படியானால் அங்கே ஆள்பவர்கள் வைத்ததுதான் சட்டமா? இல்லை. இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாடாளுமன்றம் உயர்ந்தது, அரசாங்கம் அப்படியல்ல. பிரதமரும் அமைச்சர்களும் தாங்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் சட்டத்தில் இடம் காட்ட வேண்டும்.

1765-ல் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வழக்கு இதற்குப் பழைய சாட்சி. அரசரின் ஆட்கள் அவர் வீட்டுக் கதவை உடைத்து, காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 'எந்தச் சட்டத்தின்படி?' என்று நீதிமன்றம் கேட்டது. 'அமைச்சர் சொன்னார்' என்பது பதிலாகாது என்றது. என்டிக் ஜெயித்தார்.

புதிய சாட்சி 2019. பிரெக்ஸிட் நெருக்கடியின் நடுவே, பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிவைக்க ராணிக்கு ஆலோசனை சொன்னார். மன்னரின் பெயரில் பிரதமர் பயன்படுத்தும் பழைய 'அரச அதிகாரம்' அது. ராணி மறுக்க முடியாது. அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடப்பதுதான் மரபு. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. செப்டம்பர் 24 அன்று நீதிபதி பிரெண்டா ஹேல், தோளருகே பெரிய சிலந்தி வடிவ ஊசி மின்ன, தீர்ப்பை வாசித்தார். பதினொரு நீதிபதிகளும் ஒரே குரல்: நியாயமான காரணம் இல்லாமல் நாடாளுமன்றத்தை அதன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்க முடியாது, முடக்கம் செல்லாது. மறுநாளே எம்.பி.க்கள் அவைக்குத் திரும்பினார்கள். 'நாடாளுமன்றத்தை முடக்கக் கூடாது' என்று எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லாத நாட்டில் இது நடந்தது.

யாரும் எழுதாத விதிகள்

மூன்றாவதாக மரபுகள். நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் தர மறுக்க, சட்டப்படி தடை இல்லை. ஆனால் கடைசியாக மறுத்தவர் ஆன் ராணி, வருடம் 1708. அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் மறுக்கவில்லை. இனி மறுப்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

பிரதமர் மக்களவையில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் மரபுதான். 1963-ல் பிரபுக்கள் அவையைச் சேர்ந்த ஹோம் பிரபு பிரதமரானார். 'பிரபு ஆள்வது இந்தக் காலத்துக்கு ஆகாது' என்று அவருக்கே தெரியும். பட்டத்தைத் துறந்து, ஸ்காட்லாந்தில் ஓர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வந்தார். நடுவில் சுமார் இரண்டு வாரம், எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவர் பிரதமராக இருந்தார்!

மரபு மீறப்பட்டால் என்ன செய்வது? நீதிமன்றம் போனால் பலனில்லை. மரபுக்கு அரசியல்தான் காவல். 'பொறுப்பில் இருப்பவர்கள் கண்ணியமானவர்கள், வரம்பு மீற மாட்டார்கள்' என்ற நம்பிக்கையில் ஓடும் வண்டி இது என்கிறார்கள் அங்குள்ள வரலாற்றாசிரியர்கள். நல்லவர்கள் இருக்கும் வரை சிக்கல் இல்லை. எல்லாரும் எப்போதும் நல்லவர்களாக இருப்பார்களா என்பதுதான் கேள்வி.

ஏரியிலிருந்து எழுந்த சட்டமன்றம்

இனி மறுபடியும் க்வின்வர் எவன்ஸ் கதைக்கு வரலாம். அணை திறந்த மறு வருடம், 1966 ஜூலையில், கார்மார்தன் தொகுதி இடைத்தேர்தலில் அவர் ஜெயித்தார். ப்ளைட் கம்ரியின் முதல் எம்.பி. ட்ரவெரின் கோபம் ஓட்டாக மாறத் தொடங்கிவிட்டது என்று பலர் எழுதினார்கள்.

ஆனால் பாதை நேராகப் போகவில்லை. 1979-ல் வேல்ஸுக்குத் தனி அவை வேண்டுமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தது. வேல்ஸ் மக்களே நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்றார்கள். அதே நாளில் ஸ்காட்லாந்தில் 51.6 சதவிகிதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவிகிதம் ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் அதுவும் விழுந்தது.

பதினெட்டு வருடம் கழித்து, 1997 செப்டம்பரில் மறுபடியும் கேட்டார்கள். ஸ்காட்லாந்து 74 சதவிகிதத்துக்கு மேல் ஆதரவு தந்தது. ஒரு வாரம் கழித்து வேல்ஸ். இரவு முழுக்க எண்ணிக்கை. 'வேண்டாம்' தரப்பு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக ஒரே ஒரு மாவட்டத்தின் முடிவு மட்டும் பாக்கி. அது கார்மார்தன்ஷயர், க்வின்வர் ஜெயித்த அதே மண். அந்த ஒரு மாவட்டம் இருபதாயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் 'வேண்டும்' என்றது. வேல்ஸ் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் வெறும் 6,721 ஓட்டுகள். 50.3 சதவிகிதம். மயிரிழை வெற்றி.

1999-ல் கார்டிஃபில் அவை கூடியது. முதலில் அதற்குச் சொந்தமாகச் சட்டம் இயற்றும் முழு அதிகாரம் இல்லை. 2011-ல் இன்னொரு வாக்கெடுப்பு. இந்த முறை 63.5 சதவிகிதம் ஆதரவு. 2020-ல் அதன் பெயர் 'செனெத்' ஆனது. நாடாளுமன்றம் என்பதற்கான வெல்ஷ் சொல்.

தனி அடுப்பு, அப்பா பேரில் பத்திரம்

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் அதிகாரப் பகிர்வு. கூட்டாட்சி என்று இதைச் சொல்லிவிடக் கூடாது. கூட்டாட்சியில் மாநில அதிகாரம் அரசமைப்பு நூலிலிருந்தே வரும். மத்திய நாடாளுமன்றம் தனியாக அதைப் பிடுங்கிவிட முடியாது. இங்கே அதிகாரத்தைக் கொடுத்தது லண்டன் நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம். பிள்ளைகளுக்கு மாடியில் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தாயிற்று. சமையல் அவர்கள் இஷ்டம், விருந்தாளி அவர்கள் இஷ்டம். ஆனால் வீட்டுப் பத்திரம் அப்பா பேரில்.

மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பங்கும் இல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்ட அமைப்பு, தனி நீதிமன்றம், தனிப் போலீஸ் உண்டு. வேல்ஸுக்குப் போலீஸும் நீதித்துறையும் இல்லை. வட அயர்லாந்து வேறு வகை. அங்கே பல்லாண்டு ரத்தக்களரிக்குப் பிறகு, 1998 புனித வெள்ளி உடன்படிக்கையில் பிறந்த ஆட்சி அது. இரு சமூகங்களும் சேர்ந்துதான் ஆள வேண்டும். முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் சம அதிகாரம் கொண்டவர்கள். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழப்பார். அதனால் ஆட்சி அடிக்கடி நின்றுபோகும். 2022-லிருந்து 2024 வரைகூட அப்படி நின்றது. மிகப் பெரிய பகுதியான இங்கிலாந்துக்குத் தனி நாடாளுமன்றமே இல்லை. 'ஸ்காட்லாந்து எம்.பி. இங்கிலாந்தின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஓட்டுப் போடுகிறார், இங்கிலாந்து எம்.பி.யால் ஸ்காட்லாந்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஓட்டுப் போட முடியவில்லையே' என்று 1977-ல் டாம் டேலியல் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை.

எது யாருக்கு என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. ராணுவம், வெளியுறவு, குடியேற்றம், நாணயம் போன்றவை லண்டனுக்கு ஒதுக்கப்பட்டவை. ஒதுக்கியதாகச் சட்டம் சொல்லாத எல்லாம் பகுதி அவைகளுக்கு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீட்டு வசதி எல்லாம் அப்படித்தான். செலவுக்குப் பணம் பெரும்பாலும் லண்டனிலிருந்து வருகிறது. 1970-களின் இறுதியில் தற்காலிகம் என்று சொல்லி வைத்த 'பார்னெட் சூத்திரம்'தான் இன்னும் கணக்குப் போடுகிறது. அதற்கும் சட்டம் கிடையாது!

இதெல்லாம் ஏட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் கட்டணம் உண்டு. வேல்ஸில் 2007-லிருந்து இலவசம். கடையில் பைக்குக் காசு வாங்கும் சட்டத்தை வேல்ஸ் 2011-ல் கொண்டு வந்தது. இங்கிலாந்து நான்கு வருடம் கழித்துத்தான் வந்தது. மறுப்புச் சொல்லாத எல்லோரும் உடல் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களே என்ற சட்டத்திலும் 2015-ல் வேல்ஸ்தான் முந்தியது. ஸ்காட்லாந்து மாணவர்களுக்குச் சொந்த ஊரில் பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை. கொரோனா காலத்தில் எல்லை தாண்டினால் ஊரடங்கு விதியே வேறாக இருந்தது.

நம் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கார்டிஃபில் படிக்கப் போகும் சென்னை மாணவி, காமன்வெல்த் நாட்டுக் குடிமகள் என்பதால் அங்கே வாக்காளராகப் பதிவு செய்யலாம். செனெத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம், லண்டன் நாடாளுமன்றத் தேர்தலிலும் போடலாம்.

'வழக்கமாக' என்ற ஒற்றைச் சொல்

சரி, இன்னொரு ட்ரவெரின் இன்று நடக்குமா?

நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற திட்டமிடல் அதிகாரம் இன்று பெரும்பாலும் கார்டிஃபின் கையில். செனெத்துக்கு உரிய விஷயத்தில் லண்டன் சட்டம் போடுவதானால், செனெத்தின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு மரபு இருக்கிறது. 'சூவல் மரபு' என்று பெயர். செனெத்தை மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் கலைக்க மாட்டோம் என்று 2017-ல் சட்டத்திலேயே எழுதினார்கள். ஸ்காட்லாந்துக்கு அதற்கு முந்தைய வருடம் எழுதினார்கள். சூவல் மரபையும் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் அந்த வரி இப்படிப் போகிறது: சம்மதம் இல்லாமல் லண்டன் 'வழக்கமாக' சட்டம் இயற்றாது.

அந்த 'வழக்கமாக'வில்தான் எல்லாம் தொங்குகிறது. எது வழக்கம், எது விதிவிலக்கு என்று யார் சொல்வது? 2017 ஜனவரியில் பிரெக்ஸிட் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது அரசியல் மரபு, இதைக் காப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று கைவிரித்துவிட்டது. 2016 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே விரும்பின. 2020 ஜனவரியில் வெளியேறும் ஒப்பந்தச் சட்டம் வந்தபோது, எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் மூன்று அவைகளுமே சம்மதம் தர மறுத்தன. லண்டன் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. அதே வருடக் கடைசியில் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்துக்கு ஸ்காட்லாந்தும் வேல்ஸும் மறுப்புச் சொன்னபோதும் அதேதான் நடந்தது. சுதந்திர வாக்கெடுப்பை ஸ்காட்லாந்து தானாக நடத்திக்கொள்ள முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆக, சட்டப்படி பார்த்தால் 1957-ல் இருந்த அதே அதிகாரம் லண்டனிடம் இன்றும் இருக்கிறது. மாறியிருப்பது வேறொன்று. அன்று காப்பெல் கெலின் மக்களுக்காகப் பேச அவர்களுக்கென்று ஓர் அவை இல்லை. அடுத்தவர் அவையில் சிறுபான்மையாக உட்கார்ந்து கை தூக்கத்தான் முடிந்தது. இன்று மறுப்பைத் தீர்மானமாகப் போட்டு, உலகம் பார்க்கப் பதிவு செய்ய ஒரு கட்டடம் இருக்கிறது. ஓர் அரசாங்கம் இருக்கிறது. அதை மீறிப் போகலாம். ஆனால், மீறுகிறவர் அதற்கு அரசியலில் விலை கொடுத்தே தீர வேண்டியிருக்கும்.

அறுபது பேர் இருந்த செனெத்தை, 2026 தேர்தலிலிருந்து 96 பேர் கொண்டதாக்க அந்த அவையே சட்டம் இயற்றியது. 6,721 ஓட்டில் தப்பிப் பிறந்த குழந்தை, தன் சட்டையைத் தானே அளவெடுத்துத் தைத்துக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டது.

ட்ரவெரினுக்காக லிவர்பூல் மாமன்றம் முறைப்படி வருத்தம் தெரிவித்தது. அது 2005 அக்டோபரில். அதே மன்றத்தில் மேஜைத் தட்டலுக்கும் கூச்சலுக்கும் நடுவே நின்ற க்வின்வர் எவன்ஸ், அதற்கு ஆறு மாதம் முன்பு ஏப்ரலில் இறந்துபோயிருந்தார்.

மழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்த ஏரியின் நீர் இறங்கும். அப்போது சேற்றுக்குள்ளிருந்து ஊரின் மிச்சமான கற்கள் வெளியே தலை காட்டும். ஜனங்கள் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.